ரிஸ்வானாவுக்கு எதற்கு வைட்டமின்?

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. (நாள் கிழமை விஷயத்தில் நான் எவ்வளவு கறார் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.) காலையில் கீழ்வீட்டு தஸ்லீமா கதவைத் தட்டினார்.

“சார், பதினோரு மணிக்கு டாக்டர் வர்றாங்க. நீங்க கூட இருக்க முடியுமா? எங்க வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்துக்கு வேலைக்குப் போயிட்டாரு. டாக்டர் சொல்றது எதுவும் இன்னிக்கு என் காதுல ஏறாது... நீங்கன்னா எல்லாத்தையும் கரெக்டா ஞாபகம் வெச்சுப்பீங்க.”

காதில் ஏறாது என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருடைய மகள் ரிஸ்வானாவுக்கு ஒன்பது வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமிழக்கும் நோய். குணப்படுத்த முடியாது, இருக்கும் நாளில் வலியும் சிரமமும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே ஒரு பேலியேட்டிவ் கேர் குழு சேலையூரில் எங்கள் குடியிருப்புக்கே வந்து அவளைப் பார்க்கிறது. சின்ன வயதிலிருந்தே வீல் சேர்தான். ஆனால் வாய்? இரண்டு ஊருக்குக் காணும்!

பிப்ரவரியிலிருந்து அவளுக்குக் கால் வலி. தொட்டாலே அலறல். குளிப்பாட்டத் தூக்க முடியாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஈறில் ரத்தம் வந்தது. நோய் கடைசிப் படிக்கு வந்துவிட்டது என்று தஸ்லீமா முடிவே கட்டிவிட்டார். அதை டாக்டர் வாயால் கேட்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் — அதற்குத்தான் நான்.

டாக்டர் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். ரிஸ்வானாவின் உதட்டைத் தூக்கி ஈறுகளை டார்ச் அடித்துப் பார்த்தார். கால் தோலில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “என்னம்மா சாப்பிடுறா?”

“கஞ்சி, பால், பால்ல கரைச்ச இட்லி... வேற முழுங்க கஷ்டப்படுறா மேடம்.”

“பழம்?”

“ஐயோ, நவம்பர் மழையில நிமோனியா வந்து ஐ.சி.யூ.வுல கிடந்தாளே! குளிர்ச்சியே ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. பழமே தர்றதில்ல. எப்பவாச்சும் சாத்துக்குடி ஜூஸ் — அதையும் நல்லா கொதிக்க வெச்சு, ஆற வெச்சுதான் குடுப்பேன்.”

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஏன் சொல்லக் கூடாது? அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையே!

டாக்டர் சிரிக்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. “வைட்டமின் சி சூடு தாங்காது. மூணு மாசம் உடம்புக்குள்ள போகலைன்னா இப்படிக் கால் வலிக்கும், ஈறு கசியும். ஸ்கர்வியா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கர்வியா? மாதக்கணக்கில் கரையைப் பார்க்காத மாலுமிகளுக்கு வந்ததென்று வரலாற்றுப் புத்தகங்களில் படித்த நோய். வண்டி நிறையக் கொய்யாவும் பப்பாளியும் கூவிக்கொண்டு போகும் எங்கள் கேம்ப் ரோட்டில் எப்படி ஏறி வந்தது?

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இது புதிதில்லையாம். மென்று விழுங்க முடியாமல் நாலைந்து உணவுகளிலேயே காலம் தள்ளுகிறார்கள், வெயிலும் படுவதில்லை. சி, டி, இரும்பு, துத்தநாகம் என்று ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் குறையும். பெரிய நோய் ஒன்று வீட்டில் இருந்தால், எந்த வலி வந்தாலும் பழி அதன் தலையில்தானே விழுகிறது?

டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்த தஸ்லீமாவின் அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஃபர்னிச்சர் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். புள்ள இருக்கற நெலமைல வைட்டமின் டெஸ்ட்டு இன்னாத்துக்கு? சும்மா ஊசிய குத்திகினு... பேஜாரு.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“மாமா, நீ டெய்லி வைட்டமின் மாத்திரை போட்டுக்கினு கீறியே, அது இன்னாத்துக்கு?”

“எனக்கு... கால் வலிம்மா.”

“அப்ப எனக்கு இன்னா, காது வலியா?”

டாக்டர் சட்டென்று பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத்தான்!

மனிதரைக் குறை சொல்லி என்ன பயன்? வைட்டமினை நாம் எல்லோருமே எண்பது வயதுக்கான டெபாசிட் என்றுதான் நினைக்கிறோம். எண்பதைத் தொடப் போகாதவர்களுக்கு எதற்கு என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஈறு கசிவது இன்றைக்கு அல்லவா? கால் வலிப்பது இந்த நிமிடம் அல்லவா?

தஸ்லீமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்ப... நான்தான் மேடம் இப்படிப் பண்ணிட்டேனா?”

“நீங்க பயந்தீங்க. நிமோனியாவப் பாத்த எந்த அம்மாவும் பயப்படுவாங்க” என்றார் டாக்டர். “பழத்தால சளி வராதும்மா. புரையேறாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். நிமித்தி உக்கார வெச்சு, கூழா மசிச்சுக் குடுங்க. ஆனா ஒண்ணு... தசை நோய் அப்படியேதான் இருக்கும். இந்த வலி மட்டும் போகலாம்.”

“போதும் மேடம்.”

அந்தப் ‘போதும்’ எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அழுகை இல்லை, பேரம் இல்லை. தெரியாமல் செய்த தவறை ஒருவர் சுட்டிக்காட்டினால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். தஸ்லீமா அன்று மாலையே கொய்யாவை மிக்ஸியில் அடித்து விதை போக வடிகட்டிக்கொண்டிருந்தார். மாத்திரையைப் பொடித்து ஆறிய கஞ்சியில் கலக்கினார். டாக்டரும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் சி மாத்திரையைத் தொடங்கிவிட்டிருந்தார்.

ரிப்போர்ட் வந்தது. சி அடிமட்டம், டியும் இரும்பும் குறைவு. அவற்றுக்கும் மருந்து தொடங்கியது. முதல் வாரத்திலேயே போர்வை பட்டால் அலறுவது நின்றது. அடுத்த வாரம் பல் துலக்கினால் ரத்தம் இல்லை. தஸ்லீமா மட்டும் எதையும் நம்பாமல், ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பாத்திரம் போலத்தான் மகளைத் தொட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டிலிருந்து ஒரு பெரிய அலறல். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பாத்ரூம் வாசலில் அவள் அப்பா சட்டையெல்லாம் நனைந்து நிற்கிறார். உள்ளே குளியல் நாற்காலியில் ரிஸ்வானா — பிப்ரவரிக்குப் பிறகு முதல் தலைக்குளியல்.

“காலா?” என்றேன் பதறி.

“இல்ல சார்” என்றார் தஸ்லீமா. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். “ஷாம்பு கண்ணுல போயிடுச்சாம்!”

ஒன்பது வயதில் கத்துவதற்கு அதைவிட நல்ல காரணம் உண்டா, என்ன?