மிதித்தால் சாயும் பானை

டிராயிங் பீரியடில் நாங்கள் கணக்கு வீட்டுப்பாடம் எழுதுவோம். 1967இல் ஏலவார்குழலி டீச்சர் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்து சேரும்வரை அப்படித்தான். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கரைகளுக்கு டிசைன் போடுகிறவர்; மகளும் கட்டம் போட்ட காகிதங்களுக்கு நடுவே வளர்ந்தவர். நடையில் வேகம், சிரித்தால் அடுத்த வகுப்புக்குக் கேட்கும்.

வந்த இரண்டாவது வாரம், இடைவேளையில், வராந்தாவில் இருந்த தண்ணீர்ப் பானையருகே நின்று எங்களைப் பார்த்தார். எல்லோரும் டம்ளரில் மொண்டு குடித்தோம். ஊருக்கு வெளியே சேரியிலிருந்து நடந்து வரும் பூவம்மாள் மட்டும் கடைசியாக வந்து, குனிந்து இரண்டு கைகளையும் குவித்தாள். வகுப்புத் தலைவியான நான் உயரத்திலிருந்து ஊற்றினேன். பாதித் தண்ணீர் அவள் ரவிக்கைக் கையை நனைத்தது.

"தேவகி, நீ எதுக்கும்மா ஊத்தற?"

"எப்பவுமே அப்படித்தான் டீச்சர்."

திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. மறுநாள் வகுப்பில், "இன்னைக்குப் பூச்சாடி வரைய வேணாம். அஞ்சு நாள் அந்தப் பானையைப் பாருங்க. யார் எங்க நிக்கறாங்க, யாருக்குத் தண்ணி கெடைக்குது, வரைஞ்சிக்கினு வாங்க" என்றார்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தோம். ஐந்து நாள் படங்களையும் சுவரில் வரிசையாக ஒட்டினோம். மூன்று நாள் படங்களில் கடைசி ஆளின் முறை வருமுன்னே மணி அடித்துவிட்டது. பூவம்மாள் குடிக்காமலே வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஊற்றுகிறவள் நான். எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

"சரி, இதை எப்படி மாத்தலாம்? வரைங்க."

ஒருத்தி பானைக்குப் பித்தளைக் குழாய் வைத்தாள். எல்லோரும் ஒரே குழாயைத் தொட்டால் வீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்றாள் இன்னொருத்தி. நெசவாளர் வீட்டுப் பெண் தையல்நாயகி எழுந்தாள். "தறியில மிதிச்சா நூலு மேல தூக்குதில்ல டீச்சர்? அதே மாதிரி, மிதிச்சா பானை சாயட்டும்."

டீச்சர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பானை, மரச்சட்டம், கயிறு, கீழே மிதிகட்டை என்று படம் தயாராயிற்று. மிதிகட்டையின்மேல் என் காலை வரைந்திருந்தார்கள். டீச்சர் அதைப் பூவம்மாளிடம் நீட்டினார். "நீதான் சொல்லணும். சரியா இருக்குதா?"

அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள் வெகுநேரம் பார்த்தாள். "தேவகி வராத அன்னிக்கு இன்னா பண்றது? குடிக்கிறவங்க காலுதான் டீச்சர் மிதிக்கணும்."

ரப்பரை எடுத்து என் காலை நானே அழித்தேன்.

தறி செய்யும் ஆசாரி பழனி பழைய மரத்தில் சட்டம் அடித்துக் கொடுத்தார். முதலில் மிதிக்க வந்தவர் தலைமையாசிரியை காமாட்சியம்மாள். கனத்த உடம்பு, ஓங்கி மிதித்தார். பானை முழுசாகக் கவிழ்ந்து அவர் புடவை தொப்பலாயிற்று. "ஏம்மா ஏலவார்குழலி, நான் குடிக்க வந்தேனா, குளிக்க வந்தேனா?" என்று அவரே சிரித்தபிறகு வராந்தா முழுக்கச் சிரிப்பு. கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டதும் பானை அளவோடு சாய்ந்தது.

ஒருநாள் ஒரு பெண்ணின் தகப்பனார் கோபமாக வந்தார். "அந்தப் பொண்ணு பானையைத் தொடுதாமே?"

"யாருமே தொடறதில்லீங்க. உங்க பொண்ணும்தான்" என்றார் டீச்சர்.

அவர் குழம்பிப்போய்ப் பானையைச் சுற்றி வந்தார். மிதித்தார். ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் சாயுது" என்று போய்விட்டார்.

எனக்குத்தான் உறுத்தியது. "அவ தொடக்கூடாதுன்னு நாமளே ஒத்துக்கினா மாதிரி இல்லியா டீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை. "ஆமா தேவகி, எனக்கும் அது குறைதான். ஆனா பெரியவங்க மனசு மாறுற வரைக்கும் அவ தாகத்தோட உக்காந்திருக்கணுமாம்மா?"

பங்குனி வெயிலில் கயிறு அறுந்தது. ஆசாரி ஊரில் இல்லை. டம்ளரை எடுத்து மொண்டு குடித்தோம். நாலாவதாக நின்ற பூவம்மாளும் தன் கையால் மொண்டு குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். ஊற்றச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆசாரி வந்து புதுக் கயிறு கட்டினார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டுக்கு மிதித்தார்கள். நாங்கள் மொண்டேதான் குடித்தோம். அடுத்த வருஷம் டீச்சர் புது வகுப்பை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், படிக்கத் தெரியாதவர்கள் எந்த அறை என்று தெரியாமல் அலைவதை வரைய. அந்த மழைக்காலத்துக்குள் அங்கே ஒரு கதவில் பெரிய கண்ணும் இன்னொரு கதவில் பல்லும் வரைந்திருந்தார்கள். பல் கொஞ்சம் கோணல் என்று டீச்சரே சொல்லிச் சிரித்தார்.