தனபால் ஏட்டய்யாவும் அண்ணனூர் முள்புதரும்

தனபால் ஏட்டய்யா போய்விட்டார். காலையில் பட்டாபிராமிலிருந்து அவர் மகள் போன் செய்தாள்... ஒரு வாரமாகவே சாப்பாடு இறங்கவில்லையாம்.

எண்பதுகளின் கடைசி. நான் நகராட்சி ஆபீஸில் டைப்பிஸ்ட், அவர் எதிர்சாரி போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு.

வேலை முடிந்து அண்ணனூரில் ரயில் இறங்கினால் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள்புதர். அதுவும் எங்கள் நகராட்சி எல்லைதான்.

அங்கேதான் என் பக்கத்து சீட் சரோஜாவின் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். கழுத்தெல்லாம் காயம். வேலையை விட்டுவிடு என்று அவள் வீட்டில் ஒரே பிடிவாதம். எங்கள் வீட்டிலும் அதே பேச்சு.

போலீஸ் கடிதம் கொடுத்தால் வெட்டுகிறோம் என்றது எங்கள் ஆபீஸ். புதர் வெட்டுவது எங்கள் வேலையா என்றது ஸ்டேஷன். இப்படியே மாதங்கள் போயின...

ஒருநாள் ஏட்டய்யாவே ரோட்டைத் தாண்டி வந்தார். "இன்னாம்மா, நடுவுல ஒரு ரோடுதான் கீது. உங்க தபால் இன்னா, டில்லிய சுத்திக்கினா வருது?"

நேராகத் துப்புரவு மேஸ்திரியிடம் போய்ப் பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமை நகராட்சி ஆட்களும் கான்ஸ்டபிள்களும் பனியனோடு நின்று வெட்டினார்கள். நானும் சரோஜாவும் மோர் கொண்டுபோனோம்.

"லத்தி புடிச்ச கையி, கத்தி புடிக்கத் தெர்ல பாரு" என்றார் மேஸ்திரி.

"நீ வெட்டு நைனா, நான் குந்திகினு பாக்குறேன்" என்றார் ஏட்டய்யா.

அது யார் நிலம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வேறொரு இலாகாவுடையதாம். புகார் வந்தது.

நாங்கள் ஆள் அனுப்பவில்லை என்றது எங்கள் ஆபீஸ். ஸ்டேஷனும் அப்படியே. மேஸ்திரியின் வேலைக்கே ஆபத்து. நான்தான் வெட்டச் சொன்னேன் என்று ஏட்டய்யா எழுதிக் கொடுத்தார்.

தூரத்து ஊருக்கு டிரான்ஸ்ஃபர். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் வேறு...

கிளம்பும்போது கேட்டார். "இப்ப பயமில்லாம நடக்குறீங்களா?"

"நடக்குறோம் ஏட்டய்யா."

"அப்ப சரி."

சரோஜாவும் நானும் அதே ஆபீஸில்தான் ரிட்டயர் ஆனோம்.

மரியாதைக்கு யாராவது வருவார்களா என்று கேட்க இன்று இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். அவர் ரிட்டயர் ஆனது வேற ஊர், அங்கே சொல்லுங்க என்றார்கள் ஸ்டேஷனில். போலீஸ்காரர்தானே, அவங்க பாத்துக்குவாங்க என்றார்கள் எங்கள் ஆபீஸில்.

கோபம்கூட வரவில்லை. அலுப்புதான்.

நாளைக் காலை பட்டாபிராம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பூமாலைக்குச் சரோஜா சொல்லிவிட்டாள்.

நிம்மதியாகப் போங்க ஏட்டய்யா...