யாசியேலைத் தேடி புளூம்ஸ்பரிக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சட்டனிலிருந்து புளூம்ஸ்பரியில் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். காரணம் கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் தமிழ்ச் சபையில், வேதாகமத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஒருவரைப் பற்றி மாதம் ஒருவர் பேச வேண்டும். இம்முறை அருள்ராஜ் அண்ணா. லூயிஷாமில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரீஷியன். அவர் எடுத்துக்கொண்டது யாசியேலை. தாவீது ராஜாவின் ஆட்சியில் பென்யமீன் கோத்திரத்துக்குத் தலைவன். அவனுக்குக் கிடைத்தது ஒரே வரி. "ஏதும் படம் கிடைக்குமோ பாப்பம், நீங்களும் வாங்கோ" என்றார். ஊர் சுற்றக் கூப்பிட்டால் மறுக்கும் பழக்கம் எனக்கில்லை.

சட்டனிலிருந்து விக்டோரியாவுக்கு ரயிலில் சுமார் முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து பாதாள ரயிலில் ஆக்ஸ்போர்ட் சர்க்கஸ், மாறி டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, பிறகு கொஞ்சம் நடை. அண்ணா சாரிங் கிராஸில் இறங்கி நடந்தே வந்துவிட்டார். நுழைவு இலவசம். பை சோதிக்கும் வரிசைதான் நம் பொறுமையையும் சோதிக்கும்.

தரைத்தளத்தில் லாகீசு நகர முற்றுகைச் சிற்பங்கள் இருக்கின்றன. அசீரியர் பிடித்த யூதேயாக் கைதிகள் மூட்டையும் பிள்ளைகளுமாகப் போகிறார்கள். தாவீதுக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் பிந்தியவை. யாசியேல் எங்கும் இல்லை. இருக்கமாட்டான் என்று எனக்கு முன்பே தெரியும். சொல்லியிருந்தால் பயணமே நின்றிருக்கும்!

அண்ணா சிற்பத்தைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, இந்த யாசியேலின்ர தகப்பன் அப்னேர். அப்னேரைக் குத்திச் சாக்காட்டினது யோவாப். அதே அதிகாரத்தில பதின்மூண்டு வசனம் தள்ளிப் பாருங்கோ, ராசாவின்ர படைத்தலைவன் ஆர்? யோவாப். ரெண்டு பேருக்கும் ஒரே ராசாவிட்ட வேலை. எப்பிடி ஏலும்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சபைக் குழுவுக்கு அவரைச் செயலாளராக இருக்கக் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். புதிய தலைவர், ஊரில் அண்ணாவின் அப்பாவைச் சுட்ட இயக்கத்தில் இருந்தவர். சுட்டவர் அவரில்லை. ஆனாலும் அதே இயக்கம். மதுரைக்காரி நான் இதற்கு என்ன சொல்ல?

"வேண்டாம்னு சொல்லிடுங்க அண்ணா."

"பிறகு அந்தாளின்ர முகத்தைப் பாக்க ஏலாம நான் சபைக்குப் போறதை விட்டிடுவன். நான் ஏன் விட வேணும்?"

போனில் அந்த வசனத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். அதில் யாசியேலின் பெயர் தனியாக இல்லை, அப்பா பெயரோடுதான் இருந்தது. வெளியே படிக்கட்டுக்கு வந்து தலைவரை அழைத்தார்.

"அண்ணை, நான் அருள்ராஜ். ஓம், செயலாளரா இருக்கிறன். ஆனா நாளைக்குப் பேர் வாசிக்கேக்க, ஞானப்பிரகாசத்தின்ர மகன் அருள்ராஜ் எண்டு நீங்கள்தான் வாசிக்க வேணும்."

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், மதியம் கூட்டம் தாங்காது. பெரிய பை வேண்டாம். ராஜாக்களைப் பார்க்கலாம், கோத்திரத் தலைவர்களை யாரும் கல்லில் செதுக்கிவைக்கவில்லை. யாசியேல் எப்படிச் சமாளித்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் தலைவர் பெயர்களை வாசித்தார். "செயலாளர், ஞானப்பிரகாசத்தின்ர…" என்றவர் நிறுத்திவிட்டார். சபையில் பாதிப் பேர் அவர்கள் ஊர்க்காரர்கள், விஷயம் தெரிந்தவர்கள்.

அருள்ராஜ் அண்ணா எழுந்து நின்றார். "வாசியுங்கோ அண்ணை" என்றார்.

தலைவர் முதலிலிருந்து வாசித்தார்.