மொட்டை மாடிச் சிறப்பு நிகழ்ச்சி

சென்ற வெள்ளிக்கிழமை காலை முடிதிருத்தும் கடையில் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது செல்போன் அடித்தது. பேசியது தரணேந்திரன் சாரின் மகள் சுபா. "அப்பா போயிட்டாருங்க மாமா. நாற்காலியிலயே. டிவி பாத்துக்கினே இருந்தாரு" என்றாள். அந்த மாதிரி நேரத்தில் என் வாய்க்குக் காவல் கிடையாது. "என்ன நிகழ்ச்சிம்மா?" என்று கேட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்த பெண் ஒரு நொடி நிறுத்தினாள். "மீன் வளர்ப்பு, மாமா" என்றவளுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

முட்டைகூடத் தொடாத சமணக் குடும்பத்துப் பெரியவர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, மீன் குஞ்சுக்கு என்ன தீனி போடுவது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. அறியாதவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராகச் சேர்ந்தேன். எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்திலிருந்து வந்தவர். அவர்கள் வீட்டு வழக்கப்படி சூரியன் மறைவதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். அதனால் மணி ஐந்து அடித்ததும் பேனாவை மூடிவிடுவார். எங்கள் அதிகாரிக்கு அது உறுத்தும். ஒருநாள், "இன்னாங்க தரணேந்திரன், சூரியன் உங்க ஊட்டுக்கு மட்டும் சீக்கிரம் போயிடுதா?" என்று கேட்டார். "சூரியன் கரெக்டாத்தான் போவுது சார். நம்ம ஃபைலுதான் லேட்டு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார் சார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். இழுத்துச் சாத்துகிற மரக் கதவு வைத்த பெட்டி. எங்கள் தெருவில் அதுதான் முதல். சென்னையிலிருந்து படம் வர வேண்டுமே! மொட்டை மாடியில் உயரமாக இரும்புக் கம்பம் நட்டு, மேலே ஆன்டெனாவைக் கட்டினார். கம்பத்தின் அடியைப் பிடித்துச் சென்னை இருக்கும் வடகிழக்குப் பக்கம் திருப்பினால் படம் வரும். காற்று கொஞ்சம் ஜாஸ்தியானால் கம்பம் தானே திரும்பிக்கொள்ளும், திரையில் புள்ளிகள்தான் பறக்கும்.

பொங்கல், தீபாவளி, புத்தாண்டு என்றால் சிறப்பு நிகழ்ச்சிகள் போடுவார்கள். இன்றைக்கு இருப்பவர்களுக்கு அது என்னவென்று புரிய வைப்பது கஷ்டம். ஒரே மாலையில் வீணைக் கச்சேரி, பொம்மலாட்டம், மந்திர வித்தை, பட்டிமன்றம், நெல்லில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்ற உரையாடல், நமக்கு ஒரு வார்த்தையும் புரியாத ஹிந்தி நாடகம் எல்லாம் வரும். நடுவில் சினிமாப் பாட்டு. தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும். அந்த வீட்டில்தான் சாப்பாட்டுக் கடை ஐந்தரைக்கே முடிந்து, சாரின் மனைவி விஜயா அண்ணி தரையைத் துடைத்துப் பாயும் விரித்திருப்பாரே!

ஒரு பொங்கலன்று வீணை தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து வாசலுக்குப் போனார்கள். சார் பெட்டியின் மரக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளேயிருந்து வீணை மட்டும் கேட்டது. "போனவங்க வர வரைக்கும் இப்டியே இருக்கட்டும். சினிமாப் பாட்டும் உள்ளயே பாடிட்டுப் போவட்டும்" என்றார். போனவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அன்றைக்கு அவர் சொன்னதைப் பிற்பாடும் அடிக்கடி சொல்வார்: "எல்லாத்தயும் பாக்கணும்பா. நமக்கு இன்னா புடிக்கும்னு நமக்கே தெரியாது." அடுத்த பண்டிகைக்கு எங்கள் பால்காரர் முனுசாமி வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "அந்த வீணக்கார அம்மா இன்னைக்கு இல்லீங்களா?"

அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் நான் பல குரலில் பேசிக்காட்டுவேன். தட்டச்சு இயந்திரம், அதிகாரியின் ஜீப், பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் கூவுவது எல்லாம் வரும். சார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைப் பற்றிச் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டார். ஒன்றல்ல, ஏழெட்டு. கடைசியில் அவர்களே களைத்துப்போய் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

என் அப்பா பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் பூஜைப் பொருள் கடை வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும், "கவர்மெண்டு உத்தியோகம் பாக்கறவன் மெட்ராஸ்ல போயி கொலைக்கப் போறானா?" என்றார். நான் போய்ப் பதிவு முடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட, "அவனுக்குக் கொழம்பு வேணுமானு கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். அந்த ஒரு மாதம் எனக்கு நரகம். என்னைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அப்பா மாறிவிடுவார் என்று மலைபோல நம்பிக்கொண்டிருந்தேன்.

நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. கார்த்திகைச் சிறப்பு நிகழ்ச்சி, மாலை ஆறு மணி. நான் தலைகால் புரியாமல் அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தேன். லட்டை வாயில் போட்டுக்கொண்டே அதிகாரிதான் கேட்டார். "ஏம்பா குமரேசா, தீபத்தன்னைக்கு ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில எவன் டிவி பாப்பான்?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். கார்த்திகை தீபத்தன்று ஆறு மணிக்கு மலை உச்சியில் ஜோதி ஏறும். ஊரே அண்ணாந்து நிற்கும். அப்பா கடைக் கதவை இறக்கிவிட்டு மலையைத்தான் பார்ப்பார். தமிழ்நாடு முழுக்க என்னைப் பார்க்கும், என் ஊர் மட்டும் பார்க்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சார் என் தோளைத் தட்டி, "லட்டு நல்லா இருக்கு. ஒங்கப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்று மாலை அவரே அப்பாவின் கடைக்குப் போய், "எங்க மாடியிலருந்து மலை நல்லாத் தெரியும், வாங்க" என்று அழைத்துவந்தார். டிவியைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்பா மாடிக்கு வந்து பார்த்தால், மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு முக்காலி, அதன்மேல் அந்தப் பெட்டி. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றியிருந்தோம். மலையும் பெட்டியும் ஒரே திசையில். பெட்டி கீழே, மலை மேலே. தெருக்காரர்கள் நாற்பது பேராவது அங்கே இருந்தோம்.

"இது இன்னாங்க, தீபத்துக்குப் பொட்டி?" என்றார் அப்பா.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க மலையப் பாருங்க" என்றார் சார்.

ஆறு மணி. அறிவிப்பாளர் அம்மையார் என் பெயரைச் சொல்வதும் மலை உச்சியில் நெருப்பு எழுவதும் ஒன்றாக நடந்தன. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" ஊர் முழுக்க எழுந்த அந்தச் சத்தத்தில் பெட்டியின் குரல் எங்கே கேட்கும்? திரையில் நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அப்பா தலைக்குமேல் கைகூப்பிக் கண்ணீரோடு மலையைப் பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கியது. அங்கே அவர் பெற்ற பிள்ளையின் முகம். கூப்பிய கையை இறக்காமலே என் மூன்று நிமிடத்தையும் பார்த்தார்.

முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "டேய், வாய வாயத் தொறந்த. ஒண்ணும் காதுல வுழல. இங்க ஒருக்கா பண்ணு."

ஒரு மாதம் கழித்து அப்பா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். செய்தேன். கண்டக்டர்கள் கூவினார்கள், மணிலா விற்கிற அம்மாள் வந்தாள், காலையில் கிளம்ப மறுக்கும் கீழ்பென்னாத்தூர் பஸ் இருமியது. முனுசாமிக்கு விக்கலே வந்துவிட்டது. அப்பா பஸ் இருமும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இத மொதல்லயே எங்கிட்ட பண்ணியிருக்கலாமில்ல, கழுத" என்றார். பிற்பாடு மேடைகளில் எனக்குக் கொடுத்த எந்தப் பட்டமும் அதற்கு ஈடாகாது.

அப்போதுதான் சாரைத் தேடினேன். மாடியின் மூலையில், மலைக்கும் பெட்டிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கார்த்திகைக் காற்று. விட்டால் படம் போய்விடும் என்று தொடக்கத்திலிருந்தே பிடித்திருக்கிறார். நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

"படம் தெளிவா இருந்துச்சா குமரேசா? புள்ளி ஒண்ணும் வர்லியே?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல், "சார், நீங்க தீபம் ஏத்துனதப் பாக்கவே இல்லியே!" என்றேன்.

"தீபம் பதினோரு நாளைக்கு எரியும்பா. நீ வர்றது மூணு நிமிஷந்தான்" என்றார். பிறகு கம்பத்தை விட்டுவிட்டு மெதுவாக மலைப்பக்கம் திரும்பி, உள்ளங்கை முழுக்கத் துரு அப்பியிருந்த கைகளைக் கூப்பினார்.

அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை வருடமாக நான் பதில் சொல்லவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. நல்லாத் தெரிஞ்சுது சார். ஒரு புள்ளிகூட வரல. போய்ட்டு வாங்க.