மேகம் இறங்கும் முன் இரத்தோட்டை

காலை பத்தேகால். மாத்தளையிலிருந்து வந்த பஸ் இரத்தோட்டையில் இறக்கிவிட்டபோது வெயில் கொதித்தது. ஒரே கடைத்தெரு. கடைக்குக் கடை தராசு, மிளகும் கராம்பும் வாங்கப்படும் என்ற பலகை. ரிவர்ஸ்டன் மலையில் மேகம் பார்க்கப் போகும் கொழும்பு வேன்கள் ஹாரன் அடித்தபடி ஏறிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் அவர்கள் தண்ணீர்ப் போத்தல் வாங்குவதோடு சரி. நானும் மேகத்துக்காக வந்தவன்தான். செல்வம் என்பவரின் ஆட்டோ அமைந்தது. போய்வர ஐயாயிரம்.

பதினொன்றரை. பாதி மலை. சாலையோரமெங்கும் தார்ப்பாய்ப் படங்கு விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஒரு வளைவில் செல்வம் சட்டென்று நிறுத்தினார். மேலே மலைமுகட்டைக் காணவில்லை. கறுப்புத்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க சேர். திரும்பணும்."

"நனைஞ்சா நனைவோமே."

"நம்ம நனைஞ்சா பரவால்ல. வாசல்ல கராம்பு காயுது. இன்னைக்கு வெயிலோட முடிஞ்சிரும். நனைஞ்சா பூஞ்சணம் புடிச்சு வெளுத்துரும், கடைக்காரன் தொடமாட்டான். வீட்டுல ஆளில்ல, சம்சாரம் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிட்டா. குத்தகை மரம் சேர், மொத அறுவடை. ஹயர் கெடச்சதும் வானத்த நம்பி வந்துட்டேன்."

வானத்தை நம்பியவர் அவர். ஆசை காட்டியது என் ஐயாயிரம். "திருப்புங்க" என்றேன்.

மேகம் துரத்தியது. பக்கக் கண்ணாடியில் மரங்கள் ஒவ்வொன்றாய் அழிந்தன. அவர் வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் முதல் துளி விழுந்தது. ஓரத்தில் நீளமாய் ஒரு படங்கு, நிறைய மிளகு, பக்கத்தில் ஆளில்லை. ஆட்டோ நின்றது.

"என்னங்க, உங்க கராம்பு!"

"பாத்துட்டு எப்படிங்க போறது? இந்த ரோட்டுல யாரும் அப்படிப் போகமாட்டாங்க. எறங்குங்க, அந்த மூலையப் புடிங்க."

மடித்து இழுத்து விறாந்தையில் ஏற்றினோம். தலையில் சோப்பு நுரையோடு வீட்டுக்காரப் பெண் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். "அனே மல்லி!" ஐயோ தம்பி என்று சிங்களத்தில் கூவினாள். செல்வம் சிங்களத்திலேயே, "குளிக்க நல்ல நேரம் பார்த்தீங்க அக்கா" என்றார். ஐந்து நிமிடம் போயிற்று.

அவர் வாசலில் மழை எங்களுக்கு முன்பே வந்திருந்தது. படங்கின் மேல்பாதி மடிக்கப்பட்டு, கல் வைக்கப்பட்டிருந்தது. கீழ்ப்பாதியில் சேற்றுத் தண்ணீர், அதில் மிதக்கும் கராம்பு.

"யாரோ ரோட்டுல போனவங்க. தனி ஆளு, பாதிதான் முடிஞ்சிருக்கு."

"அங்க நிக்காம வந்திருந்தா முழுசும்..."

"பேசாம அந்தப் பக்கம் தூக்குங்க சேர்."

உள்ளே போனதும் மடிப்பிலிருந்து ஒரு கராம்பை எடுத்து ஒடித்தார். டக்கென்றது, ஈரமில்லை. அப்போதுதான் மூச்சுவிட்டார்.

ஒன்றரை மணி மாத்தளை பஸ். ரிவர்ஸ்டனை நான் பார்க்கவில்லை. கொழும்பில் மழை வந்தால் என் சன்னலை மட்டும் மூடிவிட்டு உட்கார்கிறவன் நான். மழை இன்னும் எட்டாத ஒரு திருப்பத்தில், ஆளில்லாத வாசலில் மிளகு விரிந்து கிடந்தது. பதறி எழுந்தேன். கண்டக்டர் அதற்குள் மணியடித்து பஸ்ஸை நிறுத்தி, படங்கை மடிக்க இறங்கியிருந்தார்.