அரைமணி நேரம் ஆண்ட ராணி

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்த எனக்கு முதலில் கிடைத்த வேலை திரைச்சீலை தைப்பது. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். அந்தப் படிப்பு இங்கே செல்லுமா என்று ஒரு அரசாங்கக் கந்தோர் யோசித்துக்கொண்டிருந்தது. அது யோசித்து முடிக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க எனக்கு மனமில்லை. நார்த்மீட்டிலிருந்து பஸ்ஸில் பரமட்டா, அங்கிருந்து ரயிலில் பீட்டர்ஷாம், பிறகு பத்து நிமிட நடை. தையற்கூடம் ஒரு பழைய கராஜ். பன்னிரண்டு மெஷின்கள், பன்னிரண்டு பெண்கள்.

முதல் நாளே பக்கத்து மெஷின்காரி தன் பாஷையில் யாரிடமோ உரக்க ஏதோ கேட்டாள். அவள் போர்த்துக்கல்லிலிருந்து வந்தவள், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவள் சொன்னதில் 'கதெய்ரா' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. எழுந்துபோய் மூலையில் கிடந்த நாற்காலியை, எங்கள் பேச்சில் கதிரையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் என்னையும் கதிரையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவளுடையது அரைகுறை, என்னுடையது பாடப்புத்தகம். ஆனால் என் நினைவில் அவள் எப்போதும் எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுகிறாள்.

"உமக்கு எப்பிடி விளங்கினது?" என்று கேட்டாள்.

அது எங்கள் சொல் என்றேன். இல்லை, தங்களுடையது என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தோம். மேசை, அலுமாரி, யன்னல், துவாய், சப்பாத்து, சமைக்கிற குசினி, பொரிக்கிற தாச்சி, ரொட்டிக்குப் பாண். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய ஆட்கள் எங்கள் கரையில் வந்து இறங்கி ஆண்ட கதையை அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கொண்டுபோனதுக்குப் பதிலா வீட்டுச் சாமானுக்காவது பேரை விட்டிட்டுப் போயிருக்கினம்" என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். நான் என் ஊர்ச் சரித்திரத்தைச் சொன்னதால், தன் நாட்டுச் சரித்திரத்தைச் சொல்லும் கடமை தனக்கு வந்துவிட்டதாக அவள் நினைத்தாள். ஒரு வாரம் முழுக்க, கையில் கத்தரிக்கோலோடு, தவணை முறையில் சொன்னாள். அறுநூறு வருடத்துக்கு முந்தைய கதை. போர்த்துக்கல் ராசா ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறான். இருப்பது ஒரே மகள். அவளைப் பத்து வயதிலேயே பக்கத்து நாடான காஸ்டிலின் ராசாவுக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகள் அரியணை ஏறினால் நாடு மருமகனின் கைக்குப் போய்விடும் என்று சனங்கள் பயந்தார்கள். செத்த ராசாவுக்கு முறையாகப் பிறக்காத தம்பி ஒருவன் இருந்தான். அவனைத் தூக்கிப் பிடித்தார்கள். காஸ்டிலின் பெரும்படை வந்தது. தம்பியின் சின்னப் படை அதைத் தோற்கடித்தது. தோற்று ஓடிய ஏழு சிப்பாய்கள் ஒரு பேக்கரியின் போறணை அடுப்புக்குள் ஒளித்துக்கொள்ள, பாண் போடுகிறவள் பாணை உள்ளே தள்ளும் தன் நீண்ட பலகையாலேயே ஏழு பேரையும் அடித்துக் கொன்றாளாம். அவள்தான் அந்த நாட்டின் செல்ல நாயகி.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சரித்திரம் படிப்பித்த பழக்கம் என்னை விடவில்லை. "அந்தப் பிள்ளை என்ன நினைச்சவள்?" என்று கேட்டேன்.

"எந்தப் பிள்ளை?"

"ராசாவின்ரை மகள். உரிமை அவளுக்குத்தானே."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை நடந்தபோது அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, சிநேகிதியின் மகளின் வயது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைப் பற்றி இரண்டாவது வசனம் சொல்லித் தரவில்லை என்றாள்.  பின்னேரம் வேலை முடியும் மணி அடித்ததும் எழுந்து, அந்த வருடம் தங்கள் போர்த்துக்கேயச் சங்கத்து விழாவில் பெண்களுக்கு ஒதுக்கிய அரைமணி நேரத்தில் ஒரு நாடகம் போட்டு அந்தப் பிள்ளையை ராணி ஆக்கப்போவதாக அறிவித்தாள்.

சங்கத் தலைவர் ஒரு இறைச்சிக்கடைக்காரர். தன் மேடையில் காஸ்டில் வெல்ல முடியாது என்று அவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பாண்காரி இல்லாத நாடகத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது அவருடைய இரண்டாவது தடை. சிநேகிதி சோர்ந்துபோய் வந்தாள். மூன்று மதியங்கள் இருவரும் துணிக்கு அளவு வெட்டும் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தோம். நான்காவது நாள் வழி கிடைத்தது. போறணைக்குள் ஒளிப்பது சிப்பாய்கள் அல்ல, அந்தப் பிள்ளையேதான். புருசனின் பாசறையிலிருந்து தப்பி ஓடி வருகிறாள். பாண்காரி பலகையை ஓங்கிக்கொண்டு கதவைத் திறந்தால் உள்ளே கரி பூசிய முகத்தோடு ஒரு ராணி. பாண்காரி அவளை இருத்திச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, பேக்கரியை இழுத்து மூடுகிறாள். இரண்டு படைகளுக்கும் பாண் கிடையாது. பசி தாங்காமல் புருசன் ஒரு பக்கமும் சித்தப்பன் மறுபக்கமுமாக வீடு போகிறார்கள். பிள்ளை தனியே அரியணை ஏறுகிறாள்.

காஸ்டில் வெல்லவில்லை, பாண்காரியும் இருக்கிறாள். தலைவர் நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

ராணியாகச் சிநேகிதியின் மகள் நடிப்பதாக ஏற்பாடு. தாய் போர்த்துக்கேய மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, இதற்காக வசனமெல்லாம் மனப்பாடம் செய்தாள். பாண்காரியாக நடிக்கவிருந்த பெண்மணி விழாவுக்கு இரண்டு நாள் முன்பு படியில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். மற்றப் பெண்கள் எல்லோரும் சிப்பாய் வேடத்தில் இருந்தார்கள். சிநேகிதி என் பக்கம் திரும்பினாள்.

எனக்குப் பாஷை தெரியாது என்றேன். குசினிச் சாமான் முழுக்கத் தெரியுமே, பாண்காரிக்கு அதுக்கு மேலே என்ன வேண்டும் என்றாள். நாலு வரி வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு ரயிலில் போகவர முணுமுணுத்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரைத் தாழ்த்தினார். "உமக்கு என்ன விசரோ? எங்கடை கோயிலை இடிச்ச ஆக்களின்ரை நாடகத்திலையே போய் நடிக்கப்போறீர்?"

"ஓம். நீங்களும் வாறியள்" என்றேன்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் என் கணவர், ஆபீசுக்குப் போவதுபோல் டை கட்டிக்கொண்டு. போறணை என்பது குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி, செங்கல் நிறத்தில் தீட்டியது. நான் பலகையை ஓங்கிக்கொண்டு அதன் கதவைத் திறந்தேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். நாலு வரியில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

மண்டபம் காத்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பிள்ளை மெதுவாக ஆங்கிலத்தில், என்னை உட்காரச் சொல்லுங்கள் அன்ரி என்றாள். அன்ரி என்று கூப்பிட நான்தான் பழக்கியிருந்தேன். கையை நீட்டிக் கதிரையைக் காட்டி, "கதிரை" என்றேன். முன்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். மேசையைக் காட்டி "மேசை" என்றேன். பாணை எடுத்து வைத்து "பாண்" என்றேன். இப்போது மண்டபமே சிரித்தது. பாண்காரி கொஞ்சம் வார்த்தைச் சிக்கனம் உள்ளவள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை கெட்டிக்காரி. என் வசனத்தையும் கேள்வியாக மாற்றித் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக் கதையை இழுத்துப்போனாள்.

சிப்பாய்கள் கதவைத் தட்டினார்கள். எனக்குள் எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. பலகையை நிலத்தில் ஊன்றி நின்று, "பாண் இல்லை. எல்லாரும் வீட்டை போங்கோ" என்றேன், சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.

ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கைதட்டலில் சிப்பாய்கள் தங்கள் அடுத்த வரியை மறந்து உண்மையாகவே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். பிள்ளை தகர முடியைச் சூடிக்கொண்டு கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.

முடிந்த பிறகு சங்கத் தலைவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இருவரும் ஒரு மூலையில் அமர்ந்து, அந்தப் பிள்ளை உண்மையிலேயே ஆண்டிருந்தால் கப்பல்கள் இலங்கைக்கு வந்திருக்குமா என்று ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். வந்திருக்கும், ஆனால் கேட்டுவிட்டு வந்திருக்கும் என்பது தலைவரின் முடிவு. என் கணவர் அதை ஏற்கவில்லை. இருந்தாலும் திரும்பும்போது அவர் கையில் ஒரு பெரிய பொட்டலம் இறைச்சி இருந்தது.

ஒரு மாதம் கழித்துச் சிநேகிதி முகம் வெளிறி வேலைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் நாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மகள், பன்னிரண்டு வயது ராணியொருத்தி சண்டையில்லாமல் போர்த்துக்கல்லின் அரியணையை வென்றதாக, படமும் வரைந்து எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆசிரியை பாராட்டி, வகுப்புச் சுவரில் ஒட்டியும் விட்டாள். போய் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று சிநேகிதி கேட்டாள். ஆங்கிலம் சரியாகத் தெரிந்தவள் என்று என்னையும் கூட வரச் சொன்னாள்.

ஆறு வருடம் பிள்ளைகளின் சரித்திரத் தாள்களில் சிவப்பு மையால் பிழை போட்டவள் நான். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மத்தியானம் வரை யோசித்தேன். பிறகு, மழை வரும் போலிருக்கிறது, இன்னொரு நாள் போவோம் என்றேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நல்ல வெயில். ஓம், மழைதான் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.