ஜாய்சியின் இரண்டாவது பூட்டு

பாளையங்கோட்டையில் இருக்கும் அந்த நிலாவரை என்ற மருந்து இலை ஏற்றுமதிக் கம்பெனியில் ஜாய்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று அங்கே இருக்கும் நூற்று நாற்பது பேரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுடைய மாமியார் பதினோரு வருடமாக, மருமகள் தபால் ஆபீசில் இருப்பதாகவே ஊரில் சொல்லிவருகிறார். ஒரு வகையில் அது சரிதான். கம்பெனிக்கு வரும் மெயிலும் கம்பெனியிலிருந்து போகும் மெயிலும் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வர் வழியாகத்தான் போகவேண்டும். ஒழுங்காகப் போகிறவரை அவளை யாரும் தேடுவதில்லை. நின்றுவிட்டால் மட்டும் எல்லாருக்கும் அவள் பெயர் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

கூட்டப்புளிக் கடற்கரையில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவரின் மகள். சத்தம் மாறினாலே கோளாறு என்று அப்பாவுக்குத் தெரியும். மகளுக்கு லாகைப் பார்த்தால் தெரியும். யார், எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து மெயில் பெட்டியைத் திறந்தார் என்று சர்வர் தானே எழுதிவைக்கும் வரிகள் அவை. சாத்தான்குளம் சரக்குக் கிட்டங்கிக்காரர் சாத்தான்குளத்திலிருந்து நுழைந்தால் சரி. அதே ஆள் அதே நேரத்தில் கண்காணாத தேசத்திலிருந்தும் நுழைந்தால் ஜாய்சியின் டீ ஆறிப்போகும்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ லீவில் போகிறவர் தன் பாஸ்வேர்டைப் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார். வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதுபோல. சொல்லாமல் போனால் மனத்தாங்கலே வந்துவிடும், "எம்மேல நம்பிக்கை இல்லியா" என்று. இதை ஒழிப்பதற்காகத்தான் ஜாய்சி இரண்டாவது பூட்டைக் கொண்டுவந்தாள். பாஸ்வேர்டு போட்டால் மட்டும் போதாது, அவரவர் கைப்பேசிக்கு வரும் ஆறு எண்களையும் போடவேண்டும். ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? அந்த எண்களையும் போனில் கூப்பிட்டுப் பக்கத்து மேஜைக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதில் முதல் ஆள் கிளமென்ட். கப்பல் காகிதங்களைத் தயார்செய்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர், சொந்த ஊர் உவரி. அந்தோணியார் திருவிழாவுக்காக வெள்ளிக்கிழமை கிளம்பியவர் வழக்கம்போலப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜாய்சிக்குக் கோபம் வந்தது. முதலாளி ரிச்சர்டுக்கு எழுத்திலேயே புகார் கொடுத்தாள். இப்படியே போனால் கிளமென்ட்டால் ஒரு நாள் கம்பெனிக்கே கேடு வரும் என்று கடைசியில் ஒரு வரியையும் சேர்த்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் படியேறும்போதே கேடு வந்துவிட்டிருந்தது. கம்பெனி பெயரில் பதினோராயிரம் மோசடி மெயில்கள் போயிருந்தன. வெளிநாட்டு சர்வர்களெல்லாம் இந்தக் கம்பெனி மெயிலைத் தொடுவதே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டன. மறுநாளுக்குள் ஹாம்பர்க் போய்ச் சேரவேண்டிய கப்பல் காகிதங்கள் பாதி வழியில் திரும்பி வந்து கிடந்தன. கூடத்தின் நடுவில் ரிச்சர்ட் நின்றிருந்தார். அவர் கையில் ஜாய்சியின் புகார்.

அத்தனை பேர் பார்க்கச் சொன்னார்: "கிளமென்ட்டு, நாளையிலருந்து நீரு வரவேண்டாம்வே."

ஜாய்சியைப் பார்த்து, முதலில் அந்த ஆளின் பெட்டியை மூடு என்றார். அவள் மூடினாள். இரண்டு நிமிட வேலை. லாகைத் திறந்து ஒரு வரிகூடப் படிக்காமல் மூடினாள். கிளமென்ட் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, திருவிழாவில் அவளுக்காக வாங்கிவந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் அவள் லாகைத் திறந்தாள். பதினோராயிரமும் போயிருந்தது கிளமென்ட்டின் பெட்டியிலிருந்து அல்ல, ரிச்சர்டின் பெட்டியிலிருந்து. சனிக்கிழமை அவருக்கு ஒரு போலிக் கடிதம் வந்திருந்தது, உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, பாஸ்வேர்டைப் போட்டுச் சரிசெய்யுங்கள் என்று. மனுஷன் போட்டுவிட்டார். இரண்டாவது பூட்டு இருந்திருந்தால் திருடன் அங்கேயே நின்றிருப்பான். அது இல்லை. ரிச்சர்டுக்கு மணிமுத்தாறு பக்கத்தில் ஒரு தோட்ட வீடு. அங்கே கம்பி வழியாக நெட் வரும், கைப்பேசிக்கு சிக்னல் வராது, ஆறு எண்களும் வராது. சிக்னல் இல்லாமலே எண் காட்டும் செயலியைப் பழகிக்கொள்ளச் சொன்னாள். அவருக்குப் பொறுமை இல்லை. ஆறு மாதத்துக்கு முன், எனக்கு மட்டும் எடுத்துவிடு என்று கேட்டார். முதலாளி முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல், ஒரு காகிதத்தில்கூட எழுதிவைக்காமல், ஜாய்சிதான் எடுத்துவிட்டாள்.

அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான். வாயைத் திறக்காவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் கிளமென்ட்டுக்கு வேலை திரும்பும், தன் வேலை நிற்குமா என்பது சந்தேகம். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது, அந்த மிட்டாய்ப் பொட்டலம் வேறு கண்ணெதிரே கிடந்தது.

முதலில் கையில் இருந்த வேலையை முடித்தாள். ரிச்சர்டின் பெட்டிக்குப் புதுப் பாஸ்வேர்டும் இரண்டாவது பூட்டும் போட்டு, வெளியே போகக் காத்திருந்த குப்பையை அழித்து, கம்பெனியின் பெயரைக் கருப்புப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி ஒவ்வோர் இடமாக எழுதினாள். கப்பல் காகிதங்களை ஏஜென்ட் மூலமாக அனுப்ப ஏற்பாடு ஆனது. அதற்குப் பிறகு லாகை அச்செடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

ரிச்சர்ட் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப தொறந்து விட்டது நாந்தானா?"

"தொறந்து விட்டது நான், மொதலாளி. நீங்க கேட்டிய, முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் மேஜைமேல் இருந்த கைப்பேசியை எடுத்தார். கிளமென்ட்டைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் நகரவில்லை.

"எல்லாரு முன்னாலயும் போகச் சொன்னிய. வரச் சொல்லுததும் எல்லாருக்கும் தெரியணும்லா."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் மெயில் பெட்டியைத் திறக்க உட்கார்ந்தார். அவள் எழுதிக்கொடுத்த புதுப் பாஸ்வேர்டைப் போட்டும் அது திறக்கவில்லை. கைப்பேசியில் ஆறு எண்கள் வந்து நின்றன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினார். நூற்று நாற்பது பேருக்கும் கடிதம் போனது: தவறு என் பெட்டியில் நடந்தது, கிளமென்ட்டுக்கு அதில் பங்கில்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஜாய்சி தன் மேஜைக்கு வந்து கிளமென்ட்டின் பெட்டியைத் திறந்துவிட்டாள். அதற்கும் இரண்டு நிமிடம்தான் ஆனது.

செவ்வாய்க்கிழமை கிளமென்ட் வந்தார். தலையைக் குனிந்தபடி, லாகைப் பார்க்காமலே உங்கள் பெட்டியை மூடியவள் நான்தான் என்று அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். உட்கார்ந்து, முதலாளியின் கடிதத்தைப் படித்தார், பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தங்கச்சி, புதுசு போட்டுட்டேன். இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒங்கிட்ட மட்டும் சொல்லி வைக்கட்டுமா?"

ஜாய்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்கிட்டயும் சொல்லாதிய, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பிரிக்காமல் வைத்திருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினாள்.